காம்பு மட்டும்

அந்தச் சத்தத்தைக் காணவில்லை.

டாக்டர் மார்லீன் ஹாகன் ஸ்டெதஸ்கோப்பை மறுபடி நெஞ்சில் வைத்து அழுத்தினாள். காலை ஏழு மணிக்குக்கூட இதே நெஞ்சில், ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் 'தொப்'பென்று மெத்தென்ற சத்தம் கேட்டது. இதயத்தின் இடது மேலறையில் காம்பில் தொங்கிய எலுமிச்சை அளவுக் கட்டி, வால்வில் இறங்கி முட்டுகிற சத்தம். புற்றுநோய் இல்லை, சாதுவான கட்டிதான் என்று ஸ்கேனைக் காட்டிச் சொன்னபோது, பள்ளி பஸ் ஓட்டும் ஓடெல் பிரூயிட் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இப்போது மயக்கமருந்தில் கிடந்தார். மூச்சு இயந்திரத்தின் சீறலுக்கும் மருந்து நெடிக்கும் நடுவே, அவர் இதயம் மட்டும் வெறுமனே அடித்துக்கொண்டிருந்தது.

அவள் ஸ்டெதஸ்கோப்பை ஓர் அங்குலம் நகர்த்தி வைத்துக் கேட்டாள்.

"என்ன மார்லீன், முகமே சரியில்லையே?" மயக்க மருத்துவர் ரூடி கெசல் கேட்டார். "தொண்டை வழியா ஸ்கேன் குழாய விட்டு ஒரு தடவ பாத்துடலாமா?"

"எதுக்கு? வெள்ளிக்கிழமைதான் பாத்தோமே. அதுக்கென்ன காலு முளைச்சு ஓடிடுமா?"

நர்ஸ்கள் சிரித்தார்கள். ரூடி சிரிக்கவில்லை.

"பிஞ்சு துண்டு துண்டா போயிருந்தா? மூளைக்கு ஏறியிருந்தா? உடனே தெரிஞ்சா அங்க போய் எடுத்துடலாம்மா. பத்து நிமிஷம்தான்."

'சத்தம் கேட்கவில்லை' என்ற இரண்டு வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? விழுங்கினாள்.

"இன்னிக்கு மூணு கேஸ் இருக்கு ரூடி. ஆரம்பிக்கலாம்."

ரம்பம் எலும்பில் இறங்கியது. சுட்ட வாடை எழுந்தது. ரத்தம் குழாய்கள் வழியே, இதயத்தின் வேலையைச் செய்யும் இயந்திரத்துக்குள் திரும்பியது, இதயம் மெல்லத் தளர்ந்து அசையாமல் நின்றது. மேலறையைக் கீறி விரித்தாள்.

காம்பு மட்டும் இருந்தது.

நுனி பிய்ந்திருந்தது. விரலை விட்டுத் தேடினாள். இல்லை. வால்வுக்குக் கீழே. இல்லை. மறுபடி. இல்லை.

சுவரோரம் நர்ஸ் டெஸ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், அவர் வைஃப் கொரீன் கேக்குறாங்க. கட்டிய எடுத்தாச்சான்னு. என்ன சொல்லட்டும்?"

ஐயோ, பத்து நிமிஷம். வெறும் பத்து நிமிஷம்.

மூளைக்குப் போயிருந்தால் கண்ணில் தெரியும்; ரூடி முகத்துத் துணியை விலக்கினார். ஓடெலின் இமைகளை இரண்டு விரலால் தூக்கி டார்ச் அடித்தார். வலது கண்பாவை கடுகளவு இருந்தது. இடது பாவை கண்ணின் நீலத்தையெல்லாம் தின்றுவிட்டு, கறுப்பாக, வெளிச்சத்துக்குக் கொஞ்சமும் சுருங்காமல் விரிந்திருந்தது.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலதும் மெல்ல விரியத் தொடங்கியது.