இரவல் கொடுத்தவள்

கணவன் வளவன் வீட்டுக்கு வரும்போது அவன் செருப்பு எப்படிச் சத்தம் போடும் என்பது அன்று காலை ரஞ்சனிக்கு நினைவுக்கு வரவில்லை.

அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசம் வந்த பிறகும் அவள் அசையாமல் நின்று அதையே தேடிக்கொண்டிருந்தாள். கரண்ட் கம்பத்திலிருந்து விழுந்த வருடம் முதல் அவன் இடது காலை இழுத்துத்தான் நடப்பான் என்பது தெரியும். யாராவது கேட்டால் சொல்ல முடியும். ஆனால் சத்தம் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடையில் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்காமலே போய் இன்னும் ஒரு மழைக்காலம் முழுதாகக் கடக்கவில்லை. இத்தனை நாளும் சாயங்காலமானால் அந்தச் சத்தம் தானாகக் காதுக்குள் வரும், அவள் கொஞ்சம் அழுவாள், பிறகு அரிசி களைவாள். இப்போது அந்த இடத்தில் மங்கலாகக்கூட ஒன்றும் இல்லை. சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றியதும் வெயில் படாத சதுரம் மட்டும் வெளுப்பாகத் தெரியுமே, அப்படி இருந்தது.

ரஞ்சனிக்கு வேலை திருவண்ணாமலை ரோட்டில், மலையடிவாரத்துக் கலைக்கூடத்தில். நன்கொடை திரட்டுவதும் கொடையாளர்களைப் பார்த்துக்கொள்வதும் அவள் பொறுப்பு. ஓவியத்துக்காக யாரும் கொடுப்பதில்லை, செத்துப்போனவர்களுக்காகத்தான் கொடுக்கிறார்கள் என்பதைச் சேர்ந்த புதிதிலேயே அவள் கண்டுகொண்டாள். ஒரு படத்தை ஒருவர் நினைவாக ஒதுக்கினால் அவருடைய குடும்பம் சாயங்காலங்களில் வந்து அதன் எதிரே உட்காரும். ரஞ்சனி பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களிடமே முன்பு கேட்டு வைத்திருந்த சின்னச் சின்ன விஷயங்களைக் கோத்து, போனவரைப் பற்றி மெதுவாகச் சொல்லுவாள். மோருக்கு அவர் எவ்வளவு உப்புப் போடுவார், பேப்பரை எப்படி மடிப்பார், பேரன் காதில் என்ன சொல்லிச் சிரிக்க வைப்பார். கேட்பவர்கள் அழுவார்கள். அழுதவர்கள் மறுபடியும் வருவார்கள்.

அனந்தபுரத்து மகாலட்சுமி அம்மாள் வந்தபோதுதான் அவளுடைய வித்தை முட்டிக்கொண்டு நின்றது. ரைஸ்மில் ஆதிமூலத்தின் மனைவி. வடக்குக் கூடத்தின் ஒழுகும் கூரையை மொத்தமாக மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார். அடுத்த மழைக்குள் கூரை மாறவில்லையென்றால் அங்கே இருந்த படங்கள் பூஞ்சையில் போய்விடும். ஏரிமேல் மழை இறங்கும் ஓர் ஓவியத்தைக் கணவர் நினைவாக எடுத்துக்கொண்டு, அதன் எதிரே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அவரைப் பத்தி ஏதாவது சொல்லுங்கம்மா."

"இன்னா சொல்றது. மில்லுக்குப் போவாரு, வருவாரு. சோறு வெப்பேன், துன்னுவாரு."

"உங்ககிட்ட பேச மாட்டாரா?"

"உப்பு கம்மியா இருந்தா பேசுவாரு," என்று சொல்லி அந்த அம்மாள் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "மத்தவங்கள்லாம் வந்து அழுவறாங்க. எனக்கு அழுவறதுக்குக்கூட ஒண்ணும் ஆப்படல கண்ணு."

பரிதாபமாக இருந்தது. கூரையும் வேண்டியிருந்தது. ரஞ்சனி ஏரிமேல் விழும் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இடது காலை இழுத்து நடப்பாரு இல்லம்மா? வாசலாண்ட அந்தச் செருப்புச் சத்தம் கேட்டாலே உங்களுக்குத் தெரிஞ்சிடும், இல்ல?"

மகாலட்சுமி அம்மாள் அவளையே வெகுநேரம் பார்த்தார். கண் நிறைந்தது. "ஆமாம்மா. ஆமா, அப்படித்தான்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கார் வந்தது. "இன்னும் சொல்லு கண்ணு" என்பார். ரஞ்சனி சொன்னாள். அப்பளம் பொரிக்கும்போது பின்னால் வந்து சத்தமில்லாமல் நிற்பதைச் சொன்னாள். கம்பி சுற்றும்போது மூக்காலேயே பாடுவதை, அவன் சட்டையில் எப்போதும் இருக்கும் காயில் வார்னிஷ் வாசத்தை, தூக்கத்தில் அவள் கையைத் தேடிப் பிடிப்பதை. ரைஸ்மில் முதலாளிக்கு ஏது வார்னிஷ் என்று மகாலட்சுமி அம்மாள் கேட்கவில்லை. அதோடு, சொல்லும்போது ரஞ்சனிக்கும் நெஞ்சு இளகியது. வீட்டிலோ தெருவிலோ வளவன் பெயரை எடுத்தால், எத்தினி நாளைக்கு இதையே நெனச்சிட்டிருப்ப என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். இங்கே ஒருத்தி வாயைத் திறந்தபடி கேட்டாள். பெயர்தான் வேறு.

பால் தீய்ந்த அன்றும் வெள்ளிக்கிழமைதான். சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. பகலெல்லாம் காய்ந்த பாறைகள் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தன. வாசலில் வாட்ச்மேன் கன்னியப்பன் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மேடம், அம்மாகூட வந்தவருகிட்ட டிக்கெட் கேக்கல. ரைஸ்மில் வூட்டு ஆளுகிட்ட கேட்டு, நீங்க எனக்கு டிக்கெட் கிழிச்சிட்டீங்கன்னா?"

"அம்மா தனியாதானே வருவாங்க?"

"வூட்டுக்காரரா இருக்கும். பின்னாடியே போனாரு. பாவம், ஒரு கால் இழுக்குது."

கூடத்தின் கதவில் கை வைத்தபோது அவளுக்கு அது கேட்டது. நீளமான அந்தக் கூடத்தின் மறுகோடியில், ஈரச்சுவரின் வாசமும் வௌவால் வாசமும் கலந்த இருட்டுக்குள், ஓர் அடி அழுத்தமாகவும் ஓர் அடி தரையை உரசிக்கொண்டும் யாரோ நடந்துகொண்டிருந்தார்கள், படத்துக்குப் படம் நின்று பார்ப்பவரைப் போல நிதானமாக. காலையிலிருந்து அவள் தேடிக்கொண்டிருந்த சத்தம். அவள் கதவைத் தள்ளினாள். நின்றுவிட்டது.

மகாலட்சுமி அம்மாள் மட்டும்தான் இருந்தார். கன்னம் சிவந்திருந்தது. முகத்தில் பத்து வயது குறைந்தாற்போல இருந்தது.

"நீ சொன்ன மாதிரியே பின்னால வந்து நிக்கிறாரு கண்ணு," என்றார் ரகசியம்போல. "மூக்காலயே பாடறாரு. எனக்குச் சிரிப்பு தாங்கல."

அவரைச் சுற்றி வார்னிஷ் வாசம் கனமாக நின்றது.

ரஞ்சனி வீட்டுக்கு ஓடினாள். பீரோவைத் திறந்து அவன் சட்டைகளை ஒவ்வொன்றாக முகத்தில் அழுத்திப் பார்த்தாள். கடையிலிருந்து அப்போதுதான் வாங்கிவந்த துணிபோல இருந்தன. மூக்கால் பாடுவானே, அந்தப் பாட்டைப் பாடிப் பார்த்தாள். வாயில் காற்று மட்டும் வந்தது. படுக்கையில் படுத்து, கையைத் தேடும் அந்தக் கையை நினைக்க முயன்றாள். அது சூடா, சில்லிப்பா? எதையெல்லாம் சொன்னாளோ அதெல்லாம் இல்லை. சொல்லாதது மட்டும் இருந்தது. அவன் முகம் இருந்தது. அவளை அவன் கூப்பிடும் பெயர் இருந்தது. இருட்டில் உட்கார்ந்து, கைக்குள் மூடிப் பிடித்த நெருப்புக் குச்சிபோல அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இனி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் போனது திருப்பிக் கேட்கத்தான்.

மழை வரப்போகும் சாயங்காலம். காற்று இல்லை. மலைமேல் குரங்குகள்கூடச் சத்தம் போடவில்லை. மறுபடியும் கரண்ட் போயிருந்தது. ரஞ்சனி டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு கூடத்தின் கோடிவரை நடந்தாள். மகாலட்சுமி அம்மாளின் நாற்காலிக்குப் பின்னால் இருட்டு கொஞ்சம் அதிகமாக இருந்தது. ஓர் ஆள் உயரத்துக்கு.

"அம்மா. நான் சொன்னதெல்லாம் உங்க வீட்டுக்காரரைப் பத்தி இல்ல. என் வீட்டுக்காரரு."

"தெரியும் கண்ணு."

"திருப்பிக் கொடுத்துடுங்கம்மா. எனக்கு வேற ஒண்ணுமில்ல."

அந்த அம்மாள் கோபப்படவில்லை. பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "கொடுத்தத யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களா? கூரைக்குக் கொடுத்தத நான் கேட்டேனா?" பிறகு குரல் இறங்கியது. "முகம் மட்டும் தெரியல. முப்பது வருசம் நிமிந்து பாக்காம இருந்துட்டேன். நீ சொன்னா தெரியும். அதொண்ணு சொல்லிடு."

"மாட்டேன்."

"சரி."

ரஞ்சனி திரும்பினாள். நாலு அடி நடந்திருப்பாள்.

"ரஞ்சி."

அந்தப் பெயரை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

டார்ச் கையிலிருந்து நழுவி உருண்டு சுவரோரம் போய் நின்றது. நாற்காலிக்குப் பின்னால் சட்டை தெரிந்தது. காலர். கழுத்து. கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை. இருட்டு. இருட்டு அவள் பக்கம் திரும்பியது.

"ரஞ்சி, எனக்குக் கண்ணு தெரியல."

அவன் குரல். பயந்திருந்தது. வளவன் பயந்து அவள் கேட்டதில்லை. கைகள் காற்றில் துழாவின. எதிலோ முட்டிக்கொண்டு நின்றன. மறுபடியும் துழாவின.

சொல்லக் கூடாது. அவளுக்குத் தெரிந்திருந்தது. வாயைக் கையால் பொத்தினாள். கைக்குள்ளேயே சொன்னாள்.

"இடது புருவம்," என்றாள். "நடுவுல முடி இல்ல. கம்பி அறுந்து அடிச்சது."

புருவம் வந்தது.

"கண்ணு சின்னது. சிரிச்சா மூடிடும்."

கண்கள் வந்தன. அவளைக் கண்டன.

நிறுத்த முடியவில்லை. மூக்கு. மேலுதட்டு மச்சம். தாடையில் மட்டும் நரைத்த முடி. ஒவ்வொன்றாக. அழுதுகொண்டே. கடைசி வார்த்தை வந்தபோது வளவன் முழுதாக நின்றான். அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வேண்டாம், வேண்டாம் என்பதுபோல. மெதுவாக.

மழை பிடித்துக்கொண்டது.

ரஞ்சனி குனிந்து டார்ச்சை எடுத்தாள். கன்னம் ஈரமாக இருந்தது. கூரை ஒழுகுகிறது, சீக்கிரம் மாற்ற வேண்டும். மகாலட்சுமி அம்மாள் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பக்கத்தில் நின்றிருந்தவர் அவருடைய கணவராக இருக்க வேண்டும். அந்த அம்மாளைவிட வயது குறைந்தவராகத் தெரிந்தார். அதையெல்லாம் கேட்பது மரியாதையில்லை.

"வரேன் கண்ணு. நல்லா இரு."

"அடிக்கடி வாங்கம்மா. சாரையும் கூட்டிட்டு வாங்க."

கொடையாளர்களுக்கென்று வைத்திருந்த சிரிப்போடு அவள் கதவை அகலத் திறந்து, படியில் வெளிச்சம் விழுமாறு டார்ச்சைப் பிடித்தாள். அந்த அம்மாள் கணவரின் கையைக் கோத்துக்கொண்டு வெளியே வந்தார். கணவர் கையை உருவிக்கொண்டார், வெளியே வரவில்லை. இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ரஞ்சனியின் முகத்துக்கு மிக அருகில், வாயைத் திறந்து திறந்து மூடினார். அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பாவம், பேச வராது போலிருக்கிறது. மகாலட்சுமி அம்மாள் பொறுமையாக, சிரித்த முகத்தோடு, நிலையிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். பிரித்த விரல் ஒவ்வொன்றும் மறுபடியும் போய் மரத்தைப் பிடித்துக்கொண்டது. நகங்கள் உடைந்து நிலையில் கோடு விழுந்தது.

"பாத்து இறங்குங்க சார்," என்றாள் ரஞ்சனி. "படி வழுக்கும்."