லென்ஸின் மேல் ஒரு விரல்

மேசைமேல் காகிதம் எதுவும் இல்லை. ஆனாலும் மாரித்தாயின் இடது ஆள்காட்டி விரலுக்கு அடியில் ஊசிகள் அசைந்தன.

வாசித்து முடித்த தாளை ஓரமாக வைத்துவிட்டு, ஆறிப்போன தேநீருக்காக அவள் வலது கையை நீட்டியிருந்தாள். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அந்தக் கேமரா மேசைமேல் மல்லாந்து கிடந்தது. காகிதத்தோடு ஒட்டி வைத்து உருட்டினால்தான் அதற்குப் பார்வை. கொஞ்சம் தூக்கிப் பிடித்தாலே எதுவும் தெரியாது. அப்படியிருக்க வெறும் காற்றைப் பார்த்துக் கிடந்த கேமராவிலிருந்து ஊசிகளுக்கு என்ன வரப்போகிறது? மழைக்காலத்து ஈரம் உள்ளே இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு விரலை எடுத்தாள்.

பள்ளிவாசலுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட்டின் ஆபீசில் டெலிபோன் போர்டு அவள் பொறுப்பு. சாயங்காலம் மற்ற குமாஸ்தாக்கள் எல்லாரும் குடையை விரித்துக்கொண்டு லயங்களில் இருந்த தங்கள் வீடுகளுக்கு இறங்கிப் போயிருந்தார்கள். உள்ளறையில் ஹெட்கிளார்க் இன்னாசிராஜ் மட்டும் இருந்தார். தகரக் கூரையில் மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. ஜன்னல் இடுக்கில் மூடுபனி நுழைந்து, ஈரக் கம்பளி, கார்பன் தாள், மண்ணெண்ணெய், எலிப்புழுக்கை என்று அந்த அறையின் வாசனைகளையெல்லாம் ஒன்றாகக் குழைத்து அவள் முகத்தில் அப்பியது.

அந்த ஊசிப் பெட்டியும் கேமராவும் வந்து நான்கு மாதம் ஆகிறது. வெளிநாட்டுச் சங்கம் ஒன்று அனுப்பியது. பெட்டி டேப் ரிக்கார்டர் அளவில் இருக்கும். அதன் பள்ளத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, மறு கையால் கேமராவை எழுத்தின் மேல் உருட்டினால், மயிரிழை போன்ற ஊசிகள் நடுங்கி அந்த எழுத்தின் உருவத்தையே விரலில் வரைந்துவிடும். பார்வை போனவர்கள் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்துக்காக அவள் கோயம்புத்தூரில் ஆறு மாதம் கஷ்டப்பட்டிருந்தாள். இதற்கு அந்தப் பாடு இல்லை. பள்ளிக்கூடத்தில் கண்ணால் படித்த அதே ‘அ’, அதே சுழி, அதே கொம்பு. முதல் நாள் ‘ழ’வின் வால் விரலுக்கடியில் சுருண்டு ஓடியபோது அவள் சொல்லிக்கொடுத்தவர் முன்னாலேயே வாய்விட்டு அழுதாள்.

ஆனால் எஸ்டேட்டுக்கு அது வேறு காரியத்துக்கு வேண்டியிருந்தது. யார் வந்தாலும் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். வாசிக்கச் சொன்னார்கள். வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நாளைக்கு அந்தச் சங்கத்துக்காரர்களே வருகிறார்கள். மேனேஜர் துரை முன்னிலையில் அவள் ஒரு நன்றியுரை வாசிக்க வேண்டும். இன்னாசிராஜ் எழுதி, பெரிய எழுத்தில் அச்சடித்து வைத்திருந்தார். அதன் நடுவில் ஒரு வரி இருந்தது.

‘யாருக்கும் உயிர்ச்சேதமில்லாத சிறு விபத்தில் பார்வையிழந்த எனக்கு நிர்வாகம் கண் தந்தது.’

அந்த வரியைத் தொடும்போதெல்லாம் அவள் விரல் எரிந்தது.

உயிர்ச்சேதமில்லாத.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பேக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கும் அறையில் அன்று அவளும் சின்னத்தாயும் மட்டும் இருந்தார்கள். தூள் திருட்டுப் போகிறது என்று அந்த அறைக் கதவை வெளியிலிருந்து பூட்டச் சொல்லி உத்தரவு. அப்போது ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்த இன்னாசிராஜ்தான் பூட்டினார். பக்கத்து அடுப்பறையில் ஏதோ வெடித்தது. கனல் காற்று சுவரைப் பிளந்துகொண்டு வந்தது. தூள் பற்றிக்கொண்டது. மாரித்தாய் கடைசியாகப் பார்த்தது ஒரு வெள்ளை வெளிச்சம். அதன்பின் காதுதான் இருந்தது. சின்னத்தாய் கதவைத் தட்டினாள். கண்ணாடி வளையல்கள் மரத்தில் மோதி உடைகிற சத்தம். “தொறங்க சார், தொறங்க சார்” என்ற குரல். ஜன்னல் வழியாக யாரோ மாரித்தாயை இழுத்தார்கள். கதவு திறக்கவே இல்லை.

சின்னத்தாய் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்று நிர்வாகம் சொன்னது. அதற்கு முன்தினமே ஒரு லாரிக்காரனோடு குமுளி வழியாகக் கம்பத்துக்கு ஓடிப்போய்விட்டாளாம். எரிந்த அறையின் சாம்பலை அன்றே கூடைகளில் அள்ளி மேல்மலைச் செடிகளுக்கு அடியில் கொட்டிவிட்டார்கள்.

விசாரிக்க வந்தவரிடம் மாரித்தாய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி எல்லாவற்றையும் சொன்னாள்.

“நீ பாத்தியா?” என்று அவர் கேட்டார்.

“கேட்டேன்.”

“பாத்தியான்னுதான் கேக்கேன்.”

அவ்வளவுதான். கண் போனவள் பேச்சு கணக்கில் வரவில்லை.

இன்று மத்தியானம் சின்னத்தாயின் அம்மா மூக்கம்மாள் ஆபீசுக்கு வந்திருந்தாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு போட்டோவை எடுத்து, “ஏத்தா மாரி, இந்தப் பொட்டி என்னமும் காட்டுமாமே. எம் மகளத் தொட்டுப் பாரு” என்று நீட்டினாள். மூணாறு ஸ்டுடியோவில் எடுத்த படம். மாரித்தாய் கேமராவை அதன்மேல் உருட்டினாள். போட்டோவின் நிழல்கள் ஊசிகளுக்குப் பிடிபடாது. ஏதோ மணலைக் கொட்டியதுபோல விரலில் கரகரத்தது.

“தெரியுதாத்தா?”

“தெரியுது அத்தை. சிரிக்கா.”

மூக்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் இன்னாசிராஜ் வெளியே வந்துவிட்டார். “இதென்ன ஆபீசா, சந்தக்கடையா? ஓடிப்போனவளுக்கு ஒப்பாரி வைக்க வேற எடம் இல்லையா?” என்று அந்தக் கிழவியை மழையில் இறக்கிவிட்டார். மூக்கம்மாள் படி இறங்கினாள். செருப்பில்லாத கால் சேற்றில் இழுபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மாரித்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

தேநீரைக் குடிக்காமலே கீழே வைத்தாள். விரலைத் திரும்பவும் பள்ளத்தில் வைத்தாள்.

ஊசிகள் அசைந்துகொண்டிருந்தன.

ஈரத்தால் வந்த கோளாறு என்றால் ஊசிகள் தாறுமாறாகத் துடிக்கும். இது அப்படி இல்லை. ஒரு கோடு வளைந்தது. அதற்குள் இன்னொரு கோடு வளைந்தது. அதற்குள் இன்னொன்று. குளத்தில் கல் விழுந்ததுபோல வளையத்துக்குள் வளையம். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. பழக்கிக்கொடுத்தவர் விளையாட்டாக அவளுடைய பெருவிரலையே கேமராவில் வைத்துக் காட்டியிருந்தார். ரேகை. விரல் ரேகை.

யாரோ கேமராவின் கண்ணாடியில் விரலை வைத்திருந்தார்கள்.

“யாரு?” என்றாள்.

மூச்சு இல்லை. செருப்புச் சத்தம் இல்லை. நாற்காலி முனகவில்லை. மூன்று வருஷமாக அறைகளைக் காதாலேயே அளந்து பழகியவள் அவள். மேசைக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை என்று சத்தியம் செய்திருப்பாள். ஆனால் விரலுக்கடியில் அந்த ரேகை மெல்ல நகர்ந்தது. ஓரிடத்தில் கோடுகள் உருகி வழுவழுவென்று ஒட்டிப் போயிருந்தன. தீக்காயம் ஆறாத தோல்.

பிறகு வாசனை வந்தது. ஈரக் கம்பளியையும் மண்ணெண்ணெயையும் தள்ளிக்கொண்டு, தீய்ந்த தேயிலைத் தூளின் வாசனை, அதற்குள் கருகிய மயிரின் வாசனை.

எழுந்து ஓட நினைத்தாள். பயத்தைவிட ஆத்திரம் முந்திக்கொண்டு வந்தது.

“எங்கிட்ட எதுக்குடி வந்த?” என்று பல்லிடுக்கில் கேட்டாள். “நான் சொன்னேன்ல? எல்லாத்தையும் சொன்னேன்ல? ஒருத்தனும் கேக்கல. நான் என்ன செய்யட்டும்?”

வலது கையால் கேமராவைத் தூக்கினாள். முன்னால் இருந்த வெற்று இடத்துக்குள் நீட்டினாள். எதுவும் வரக்கூடாத இடம் அது. வந்தது. ஒரு நீளக் கோடு, குறுக்கே ஒரு கோடு. உள்ளங்கை. மேலே நகர்த்தினாள். மணிக்கட்டு. அதில் தோலோடு இறுகி உருகிக் கிடந்த கண்ணாடி வளையலின் விளிம்பு. இன்னும் மேலே. வெறுமை. பிறகு நெருக்கமாக, வரிசையாக, சின்னச் சின்னக் கோடுகள்.

இமை மயிர்.

அது திறந்தது.

மாரித்தாய் கேமராவைப் பின்னுக்கு இழுத்தாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. இன்னாசிராஜின் பூட்ஸ் சத்தம்.

“என்ன தனியாப் பேசிட்டு இருக்க? நன்றியுரை பாடம் ஆச்சா?”

அவர் மேசைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். சற்று முன் இமை திறந்த அதே இடம். பீடி வாசனை. அவர் எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. எதையும் பார்க்கவும் இல்லை.

“சார், இங்க வேற யாராச்சும் நிக்காங்களா?”

“உனக்கும் எனக்கும் நடுவுல பேய் நிக்குதாக்கும். வாசி. தொரை ரெண்டு தடவ கேட்டுட்டாரு.”

“அந்த ஒரு வரிய வாசிக்க மாட்டேன் சார்.”

“எந்த வரி?”

“உயிர்ச்சேதமில்லன்னு இருக்கே. அந்த வரி.”

அவர் சிரித்தார். சத்தமில்லாமல், மூக்கால் விடுகிற சிரிப்பு. “இங்க பாரு மாரித்தாயி. வேலை தந்தாச்சு. லயத்துல ரூம் தந்தாச்சு. லட்சத்துல ஒருத்திக்குக் கெடைக்காத மிஷின் தந்தாச்சு. அந்த வரி இல்லாம நீ வாசிச்சா, நாளைக்குச் சாயங்காலம் இந்த மூணும் இருக்காது. ஒன்னய மலையெறக்கி விட்டுருவாங்க. குருட்டுப் பொம்பளைக்கு வெளிய என்ன வேலைன்னு ஒனக்கே தெரியும்.”

“அவ கதவத் தட்டுனா சார். ஒங்களத்தான் ‘சார் சார்’னு கூப்பிட்டுத் தட்டுனா. சாவி ஒங்க கையில இருந்துச்சு.”

அவர் பூட்ஸ் தரையில் ஒருமுறை உரசியது.

“தூளுக்குத் தீப்பிடிச்சா ஒருத்தியப் பாக்கவா, நூறு பேரப் பாக்கவா?” என்றார் அவர். குரல் தணிந்து, கிட்டத்தில் வந்தது. “தொறந்திருந்தா காத்துப் பூந்து பேக்டரியே போயிருக்கும். அவளுக்காக மொத்த பேக்டரியையும் எரிக்கச் சொல்றியா? தொரையே என்னைய மெச்சுனாரு. ஆனா ஊரப் பொறுத்தவரைக்கும் அவ ஓடிப்போனவதான். நீ கேட்டது ஒன் காதுல தீ எரிஞ்ச சத்தம்.”

மூன்று வருஷமாக ஒரு வாயும் ஒத்துக்கொள்ளாதது. அவர் அதை ஒரு கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னார். மாரித்தாயின் உடம்பிலிருந்த பயமெல்லாம் அந்த நொடியில் வற்றிப்போனது. அந்த இடத்தில் வேறொன்று கொதித்து நின்றது.

“வாசிக்க மாட்டேன்.”

“அப்ப மிஷின் எதுக்கு? குடு இங்க.”

அவர் கேமராவைப் பறித்தார். அவள் விடவில்லை. இரண்டு பேர் கையிலும் அது இழுபட்டது. கண்ணாடி அவர் உள்ளங்கையில் அழுந்தியது. அவள் இடது விரல் பள்ளத்திலேயே இருந்தது. அவர் கை ரேகைகள் தடித்து ஓடின. அவற்றின் குறுக்கே, மெல்லியதாக, உருகியதாக, இன்னொரு கை வந்து படிந்தது.

இழுப்பு நின்றது.

கேமரா அவள் கையோடு வந்துவிட்டது.

“கரண்டு போயிருச்சா?” என்றார் இன்னாசிராஜ்.

கரண்டு போகவில்லை. தலைக்கு மேலே பல்பு ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

“சார்?”

“இருட்டா இருக்கே. மெழுகுதிரி எங்க?”

மேசை விளிம்பில் அவர் கை தடவுவது கேட்டது. மைக்கூடு உருண்டு விழுந்தது. தீய்ந்த தூளின் வாசனை அறை முழுக்க நிறைந்தது. போர்டில் மணி அடித்தது. யாரோ கூப்பிடுகிறார்கள். அவள் எடுக்கவில்லை. மணி அடித்து ஓய்ந்தது.

“மாரித்தாயி.” அவர் குரல் மாறியிருந்தது. “கைய எடு.”

அவள் கேமராவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

“மொகத்துல இருந்து கைய எடுங்கேன். வெளையாடாத. சுடுது.”

அவளுடைய ஒரு கை பெட்டியின் பள்ளத்தில் இருந்தது. இன்னொரு கையில் கேமரா.

“எடு... எடு தாயி... ஐயோ, சுடுது...”

மாரித்தாய் எழுந்தாள். பெட்டியைப் பிடித்தபடியே மேசைக்கு மேலே குனிந்தாள். குரல் வந்த திசையில் கேமராவை நீட்டினாள். தாடை. மீசையின் குத்துக் கோடுகள். மூக்கு. மேலே. இன்னும் மேலே. கண் இருக்க வேண்டிய இடம்.

இமை மயிர் இல்லை.

வளையத்துக்குள் வளையம். வளையத்துக்குள் வளையம். அழுத்தமாக. அசையாமல்.

மற்றக் கண்ணிலும் அதே விரல் ரேகை.

அவர் அலற ஆரம்பித்தார். விரலுக்கடியில் ஊசிகள் சூடேறின. மாரித்தாய் விரலை எடுக்கவில்லை. அந்தக் கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாக அவர் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. அவள் நிதானமாக, ஒன்று விடாமல் வாசித்தாள்.