தொட்டித் தண்ணீரில் வெள்ளி

நத்தைகள் தண்ணீரை விட்டு வெளியே வந்திருந்தன. ஒன்றிரண்டு அல்ல, ஆறும். கோர்துலா காலைக் காபியோடு தொட்டியருகே வந்தபோது, கண்ணாடியில் பாசியை மேய்ந்துகொண்டிருக்க வேண்டிய அவை, நீர்மட்டத்துக்கு நாலு விரல் மேலே காய்ந்த கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிய்த்துத் தண்ணீரில் விட்டாள். காபி தீர்வதற்குள் அது மறுபடி மேலே ஏறியிருந்தது.

தொட்டி அவளுடையதல்ல, அவள் கணவன் ஹூபெர்ட்டுடையது. கூடத்தின் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு அறுநூறு லிட்டர் உப்புத்தண்ணீர், பாறைகள், உயிருள்ள பவளங்கள். மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை அவள் தன் பல் மருத்துவமனையிலிருந்து வந்தபோது தொட்டியின் முன்னால் தரை ஈரமாக இருந்தது, நாற்காலியில் துண்டு கிடந்தது, அவன் இல்லை. எட்டு மாதமாகியும் வரவில்லை. வளர்ந்த ஆள், விருப்பப்பட்டுப் போயிருக்கலாம் என்று எழுதிப் போலீஸார் கோப்பை மூடிவிட்டார்கள். கோர்துலாவுக்கு ஒரே ஒரு நம்பிக்கை. ஹூபெர்ட் அவளை விட்டுப் போகலாம், அதையும் அவள் நினைத்துப் பார்த்திருக்கிறாள்; பவளங்களை விட்டுப் போகவே மாட்டான். திரும்பி வருவான். அதுவரை இவை சாகக் கூடாது.

வளர்ப்பு மீன்கடை வாலென்டிக்குப் போன் செய்தாள்.

"நத்தை மேல ஏறுதுன்னா தண்ணியில ஏதோ உலோகம் கலந்திருக்கு டாக்டரம்மா. செம்பா இருக்கும். துளி போதும், எல்லாத்தையும் கொன்னு போட்டுரும். ஒரு குப்பியில தண்ணி புடிச்சு ஜெர்மனியில இருக்கற லேபுக்கு அனுப்புங்க. எது எவ்வளவுன்னு எழுதி அனுப்புவானுங்க."

ஐந்தாம் நாள் முடிவு வந்தது. நான்கு பெயர்கள் சிவப்பில் இருந்தன. வெள்ளி, வெள்ளீயம், செம்பு, பாதரசம். வாலென்டிக்குப் போன் செய்து படித்துக் காட்டினாள்.

"செம்பு சரி. வெள்ளீயம்கூட மட்டமான குழாய்ல வரும். வெள்ளி எங்கேர்ந்து வந்துச்சு? பாதரசம்? வீட்ல பழைய தெர்மாமீட்டர் எதையாச்சும் உடைச்சீங்களா?"

"இல்லியே."

"அப்ப உள்ள ஏதோ விழுந்து கெடக்கு. தேடி எடுத்துருங்க. எடுக்காம தண்ணிய மாத்தி மாத்தி ஊத்துனா ஓட்டை வாளியில தண்ணி எறைச்ச மாதிரிதான்."

தேடினாள். நூலில் காந்தம் கட்டி மணல் முழுக்க இழுத்தாள். மோட்டார்களைக் கழற்றி ஒவ்வொரு திருகாணியையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். ஒன்றுமில்லை. உலோகத்தை உறிஞ்சும் வெள்ளைப் பஞ்சு மெத்தை ஒன்றை வாலென்டி கொடுத்தனுப்பினான். ஒரு மாதம் தாங்கும் என்றான். மறுநாள் காலையில் அது மயில்துத்தம்போல் நீலமாகிக் கிடந்தது. புதியது வைத்தாள். அதுவும் நீலம். முன்வரிசைப் பவளங்கள் அடியிலிருந்து தோலுரிந்து வெள்ளை எலும்பாக நின்றன. பின்னாலிருந்த பெரிய பாறையின் மேல் இருந்தவை மட்டும் கொழுத்து, விரிந்து, அவள் முன்பு பார்த்திராத அளவு செழித்திருந்தன. அதைப் பார்த்து அவளுக்கு நிம்மதி வரவில்லை, காரணம் சொல்லத் தெரியாத ஓர் அருவருப்புத்தான் வந்தது.

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள் ஹூபெர்ட்டின் தங்கை ரூஷா, ஜாடியில் முட்டைக்கோஸ் சூப்போடு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டியைப் பார்த்தபடி நின்றாள்.

"அண்ணி, நாளைக்கு அப்பா அம்மா கல்லறைக்குப் போறேன். அண்ணனுக்கும் ஒரு விளக்கு ஏத்தவா வேணாமான்னு தெரியல."

"ஏத்தாத. உயிரோட இருக்கறவனுக்கு ஏத்துவாங்களா?"

"இருக்கான். ஹாலந்துல எவளோ ஒருத்தி வீட்ல நல்லாத்தான் இருப்பான். நீங்கதான் இங்க அவன் மீனுக்கு ஆயா வேலை பாக்கறீங்க. வித்துத் தொலைங்க இத." பிறகு மூக்கைச் சுருக்கினாள். "என்ன வாடை இது?"

"கடல் வாடை."

"கடல் இப்படியா வீசும்? ராத்திரி முழுக்கத் திறந்த வாய் மாதிரி இருக்கு."

அவள் போன பிறகு வீடு அமைதியானது, தொட்டியைத் தவிர. மேல்தொட்டியிலிருந்து கீழ்த்தொட்டிக்குத் தண்ணீர் இறங்கும் குழாய் எப்போதும் கொரகொரக்கும். அந்தச் சத்தத்தில்தான் பதினைந்து வருடமாக அவள் சாப்பிட்டாள், படித்தாள், சண்டை போட்டாள். இப்போது அந்தச் சத்தத்துக்கு நடுவே இடைவெளிகள் விழுந்திருந்தன. கொரகொரப்பு. நிறுத்தம். கொரகொரப்பு. மருத்துவமனையில் அவளுடைய நாற்காலியில் சாய்கிறவர்கள் வாய் கொப்பளித்துத் துப்புவதும், மூச்சு வாங்குவதும், மறுபடி கொப்பளிப்பதும் அப்படித்தான் இருக்கும். குழாயில் அடைப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த மாதிரியை நீளமான ஊசிக்குழலால் பெரிய பாறையின் பின்னாலிருந்து உறிஞ்சி எடுத்து அனுப்பினாள். இந்த முறை அளவுகள் நான்கு மடங்கு. நான்கும் ஒன்றாகவே ஏறியிருந்தன, ஒரே கடையில் ஒரே பொட்டலமாக வாங்கியதுபோல.

அந்த முடிவு வந்த மறுநாள் பிற்பகல் மருத்துவமனையில் ஒரு தபால்காரரின் கடைவாய்ப் பல்லிலிருந்து பழைய சாம்பல்நிற அடைப்பைக் குடைந்தெடுத்தாள். அந்தத் துகள்களைக் குப்பையில் போடக் கூடாது. தனி டப்பாவில் சேர்த்துவைக்க வேண்டும். டப்பாவின் மூடியைத் திருகும்போது, அடைப்பில் கலந்திருப்பவை எவை என்று அதன்மேல் ஒட்டிய சீட்டில் அச்சடித்திருந்தது கண்ணில் பட்டது. ஆயிரம் தடவை பார்த்த சீட்டு.

வெள்ளி. வெள்ளீயம். செம்பு. பாதரசம்.

ஹூபெர்ட்டின் பற்களில் அப்படி நாலு அடைப்பு இருந்தது. கல்யாணமான புதிதில் அவளே குழைத்து அவளே வைத்தவை. பிற்பாடு வெள்ளையாக மாற்றித் தருகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். "நீ வெச்சது, அப்படியே கெடக்கட்டும்," என்பான்.

தபால்காரரிடம் என்ன சொன்னாள், எப்படி அனுப்பினாள் என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்தபோது நாலு மணி, நவம்பர் இருட்டு ஜன்னலை மூடியிருந்தது. தொட்டியின் வெள்ளை விளக்குகள் அணைந்து நீல விளக்குகள் மட்டும் எரிந்தன. கூடம் முழுக்க நீலம். அவள் கைகளும் நீலம். மோதிரத்தைக் கழற்றி வைத்தாள், சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினாள், நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். வெறும் கிறுக்குத்தனம் என்று நினைத்தாள். அவன் ஹாலந்தில் இருக்கிறான். இருக்கட்டும். எவளோடாவது இருக்கட்டும். வாழ்க்கையில் முதல்முறையாக அதை மனதார வேண்டிக்கொண்டாள்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கன்னம் கண்ணாடியில் அழுந்த, கையைப் பாறைக்குப் பின்னால் இறக்கினாள். சொரசொரப்பு. பாசியின் வழுவழுப்பு. ஒரு புழு சட்டென்று உடலை உள்ளே இழுத்துக்கொண்டது. இன்னும் கீழே. ஒரு பிளவு. அதன் விளிம்பு மென்மையாக இருந்தது.

விரல் உள்ளே போனது.

வழவழப்பாக ஒன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. விரல் தானாக எண்ணத் தொடங்கியது, முப்பது வருடமாக எண்ணும் விரல். கீழ்த்தாடை. இடப்பக்கம். நாலு. ஐந்து. ஆறு.

ஆறில் குழி. குழிக்குள் உலோகம். அதன் வெளியோரத்தில் சின்னப் பிசிறு, அவள் ராவி மழுக்க மறந்த பிசிறு.

குழாயின் கொரகொரப்பு நின்றது.

கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தது. கை வரவில்லை. யாரும் பிடித்திருக்கவில்லை, அவளுடைய கைதான் வரவில்லை. எட்டு மாதம். எட்டு மாதமாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் வாசலைத் தாண்டவே இல்லை.

நாற்காலியில் பயந்து இறுகிப்போகிறவர்களிடம் அவள் செய்வது ஒன்று உண்டு. மற்றக் கையின் இரண்டு விரலைத் தாடைக்கு அடியில் வைத்து லேசாகத் தட்டுவாள். இப்போதும் இடது கை தண்ணீருக்குள் இறங்கியது. கல்லின் அடியைத் தட்டியது. வாய் தானாகச் சொன்னது, ஹூபெர்ட்டிடம் ஒரு நாளும் காட்டாத மரியாதையோடு.

"இன்னும் கொஞ்சம் திறங்க."

பாறை திறந்தது.

உள்ளிருந்து நாக்கு மெதுவாக வந்து அவள் விரலைத் தடவிப் பார்த்தது. எல்லோருடைய நாக்கும் அப்படித்தான் வரும்.