ராஜா டிவியில் என்ன பார்ப்பார்?

சுண்டுவுக்கு நாடகத்தில் ராஜா வேடம். சாதாரண ராஜா இல்லை, காலங்காலமாக மேடையில் அழுதுகொண்டிருக்கும் ராஜா. யாரோ மூட்டிவிட்டதை நம்பி, ஒரே மகளைப் படகில் ஏற்றித் துரத்திவிடுவார். உண்மை தெரிய வரும்போது படகு கவிழ்ந்துபோயிருக்கும்.

கடைசிக் காட்சியில், ராஜாவைத் தேற்றக் கோமாளி குட்டிக்கரணம் போடுவான். ராஜாவோ, “மகளே!” என்று கதற வேண்டும்.

சுண்டு கதறினாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

“ஆட்டுக்குட்டி மாதிரி கத்துறியே!” என்றார் நாடக டீச்சர். “நாளைக்கும் இப்படித்தான்னா, வேஷம் கண்ணாடிக்குப் போயிடும்.”

‘கண்ணாடி’ என்று எல்லாரும் கூப்பிடும் அந்த மூக்குக்கண்ணாடிப் பையன், அப்போதே வாயைத் திறந்து கதறிப் பார்த்தான்.

‘விடுவேனா?’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள் சுண்டு. வந்ததும் தலைவலித் தைலத்தை எடுத்துக் கண்ணுக்குக் கீழே தடவினாள். கண்ணீர் வந்தது. கூடவே பதினோரு தும்மலும் வந்தது.

சுவருக்கு வர்ணம் பூசும் வேலை முடிந்து, முழங்கையெல்லாம் வெள்ளையாக வந்த அம்மா பதறிப்போனாள். “அழறதுக்குத் தைலமாடி? கண்ணு என்னத்துக்கு ஆகும்?” என்று குழாயடிக்கு இழுத்துப்போய் முகத்தைக் கழுவிவிட்டாள்.

தம்பி கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். சுண்டு அவன் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“டேய், அந்த ராஜா நம்ம வீட்டுக்கு வந்தா டிவியில என்னடா பார்ப்பார்?”

“சண்டைப் படம்!”

“ம்ஹூம். ‘வாளை இப்படியா பிடிப்பாங்க?’ன்னு குத்தம் சொல்லிட்டே இருப்பார்.”

“அழுகை சீரியல்தான். வேற என்ன?” என்றாள் அம்மா.

“அது அவர்கிட்டயே வேணும்கிற அளவு இருக்கேம்மா!”

“சமையல் போட்டி?” என்றான் தம்பி.

சுண்டு யோசித்தாள். “தீர்ப்பு சொல்ற இடம் வந்தா எழுந்து போயிடுவார், பாவம்.”

அப்போது டிவியில் கரடி ஒன்று தேன் வாளிக்குள் தலைகீழாக விழுந்தது. தம்பி கெக்கெக்கே என்று சிரித்தான். சிரித்தபடியே சட்டென்று அக்காவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தான்.

“என்னை ஏன்டா பார்க்கற?”

“சும்மா. நீயும் சிரிக்கிறியான்னு.”

சுண்டு கரடியைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: “அவரும் இதைத்தான் பார்ப்பார்டா.”

மறுநாள் ஒத்திகையில், ராஜாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“அது எதுக்கு?” என்றார் டீச்சர்.

“இருக்கட்டும் டீச்சர். ஒரே ஒரு தடவை.”

கோமாளி குட்டிக்கரணம் போட்டான். ராஜா கதறவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

அங்கே யாரும் இல்லை.

சிரிப்பு பாதியில் நின்றது. “மகளே,” என்றார் ராஜா, காதில் விழுந்தும் விழாத குரலில்.

வகுப்பில் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

“டீச்சர், அடுத்து நான் என்ன சொல்லணும்?” என்று கிசுகிசுத்தான் கோமாளி.

வசனத் தாளைக் கையில் வைத்திருந்த டீச்சருக்கும் அது தெரியவில்லை. அவர் அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.