அவர் குடியிருந்த வீடு

தபால் பெட்டியில் அவள் கணவரின் பெயர் இன்னும் இருந்தது.

படிக்கட்டுக்குக் கீழே சுவரில் பதித்திருந்த இரும்புப் பெட்டிகளில் கடைசிப் பெட்டி அது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு இந்த ஊரை விட்டுக் கிளம்பியபோது அவர் விட்டுப்போன காகிதம் என்றால், இந்நேரம் மஞ்சளேறி, ஓரம் சுருண்டு, எழுத்து மங்கியிருக்க வேண்டும். இது வெள்ளை வெளேரென்று இருந்தது. நீல மை. எழுத்துகளை வலப்பக்கம் சாய்த்து எழுதும் அதே கை.

“பாத்தியா, என்னை இன்னும் யாரும் மறக்கல,” என்று சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தாள். மை லேசாக ஒட்டியது.

அவர் பாலம் கட்டும் பொறியாளர். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் இந்த ஊரில்தான் வேலை. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் பார்த்துவிட்டார். ஆனால் இந்த ஊரைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் குரல் குழைந்துவிடும். “உங்க மூத்த தாரத்தை எப்பதான் என் கண்ணுல காட்டப் போறீங்க?” என்று அவள் சீண்டுவாள். ஒருவழியாக அழைத்து வந்துவிட்டார். ஆறு நாள் ஊரைச் சுற்றினார்கள். படகிலிருந்து தன் பாலத்தைக் காட்டியபோது, பெற்ற பிள்ளை மேடையேறியதைப் பார்ப்பவர் போல நின்றார். இன்றோடு முடிந்தது. இரவு எட்டு மணிக்கு விமானம். பெட்டிகளை டாக்சியில் ஏற்றிய பிறகு, “அஞ்சே நிமிஷம். நான் இருந்த வீட்டை மட்டும் காட்டிடறேன்,” என்று கெஞ்சினார். டாக்சி வாசலில் நின்றுகொண்டிருந்தது.

மணி மூன்றுதான். ஆனால் மழை மேகம் ஊரையே மூடி, கட்டிடத்துக்குள் சாயங்காலம் போல இருட்டிக் கிடந்தது. ஈரச் சிமெண்டு வாசனை. கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவி ஒருத்தி தரை துடைத்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் முகத்தில் வியப்பு கொஞ்சமும் இல்லை. அந்த ஊர் மொழியில் ஏதோ கேட்டாள். இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினாள்.

“என்ன சொல்றாங்க?”

அவர் ஒரு கணம் தயங்கினார். “இன்னிக்கு ஏன் வேலையிலேருந்து சீக்கிரம் வந்துட்டேன்னு கேக்குறாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “பாவம், வயசாயிடுச்சு. குழம்பிப் போயிருக்காங்க,” என்றார்.

“வேண்டாங்க. வாங்க, கிளம்பலாம்.”

“நாலு மாடிதானே, டாக்டரம்மா.”

அவள் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். பத்து வருடத்துக்கு முன்பு பைக்கிலிருந்து விழுந்து, இடது முழங்கால் நொறுங்கிப்போய் அவளிடம் சிகிச்சைக்கு வந்தவர்தான் அவர். எவ்வளவு பாடுபட்டும் அந்த முட்டி முழுதாக மடங்கவில்லை. படியேறினால் வலது கால் முதலில். இடது கால் பின்னால் இழுபட்டு வந்து சேரும். டக், சர்ர். டக், சர்ர். அந்தச் சத்தத்தை ஆயிரம் பேர் நடுவிலும் அவளால் சொல்லிவிட முடியும். அதைக் கேட்டுக்கொண்டே பின்னால் ஏறினாள்.

வீடு காலியாக இருக்கும், அல்லது வேறு யாராவது குடியிருப்பார்கள் என்று நினைத்திருந்தாள். கதவு திறந்ததும் அவருடைய வாசனை வந்தது. அவர் தினமும் போடும் ஷேவிங் சோப்பு, வெயிலில் காய்ந்த பருத்திச் சட்டை, அதற்கடியில் அவர் கழுத்தோரம் மட்டுமே அவள் அறிந்த அந்த லேசான உப்பு வாசனை, எல்லாம் சேர்ந்து, இப்போதுதான் அவர் இந்த அறையைக் கடந்து போனது போலக் காற்றில் நின்றது. கொடியில் ஈரத் துண்டு. மேசையில் பாதி குடித்த தேநீர். கோப்பையைத் தொட்டாள். சூடாக இருந்தது.

“யாரோ இருக்காங்க,” என்று கிசுகிசுத்தாள்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. முகம் பித்துப் பிடித்தது போல மலர்ந்திருந்தது. “எல்லாம் அப்படியே இருக்கு. உள் ரூம் ஜன்னல்லேருந்து என் பாலம் தெரியும். ஒரே நிமிஷம்.”

“ஏங்க—”

போய்விட்டார். அவர் பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

அவள் நடுக்கூடத்தில் நின்றாள். உள்ளே அவர் நடப்பது கேட்டது. டக், சர்ர். டக், சர்ர். ஜன்னல் பக்கம் போய் நின்றது. வெளியே முதல் தூறல் தகரத்தில் விழும் சத்தம். பிறகு உள்ளே மறுபடியும் காலடி.

டக். டக். டக்.

இது அவர் நடை இல்லை.

கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். திறக்க வேண்டும். திறக்கவில்லை. உள்ளே யாரோ மூச்சை உள்ளுக்கிழுத்தார்கள். கனமாக ஏதோ தரையில் சரிந்தது. அமைதி.

கைப்பிடி அவள் கைக்குள்ளேயே திரும்பியது.

வெளியே வந்தவனும் அதே பழுப்புச் சட்டைதான் போட்டிருந்தான். அதே முகம். அதே சிரிப்பு. கதவை இழுத்துச் சாத்தி, வெளியே தொங்கிய கொண்டியை மாட்டினான்.

“போலாமா?”

“பாலம்... தெரிஞ்சுதா?”

“தினமும் பாக்குறதுதானே,” என்றான்.

அவள் கொண்டியைப் பார்த்தாள். கை நீட்டினால் எட்டும் தூரம். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். வலிக்கவில்லை. விடவும் இல்லை.

படியில் அவன் அவளை இழுத்துக்கொண்டு ஓடினான். இரண்டிரண்டு படியாகத் தாவினான். இடது முட்டி கிறீச்சிடவில்லை, இழுபடவில்லை. அழகாக மடங்கி நீண்டது. கீழே கிழவி ஏதோ சொன்னாள். அவன் பதில் சொன்னான். இருவரும் சிரித்தார்கள். இந்த முறை அவளுக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

டாக்சிக் கதவு மூடிக்கொண்டது. மழை வலுத்தது. கத்த வேண்டும் என்று நினைத்தாள். யாரிடம்? என்ன சொல்லி? இவர் என் வீட்டுக்காரர் இல்லை என்றா? அவர் முகத்தோடு, அவர் பாஸ்போர்ட்டோடு உட்கார்ந்திருப்பவனைக் காட்டியா?

அவன் அவள் விரல்களுக்கிடையே தன் விரல்களைக் கோத்தான். உள்ளங்கை ஈரமாக, குளிர்ந்து இருந்தது.

“எத்தனை மணி நேரம் ஆகும், வீட்டுக்குப் போக?”

அவள் விரல்களை உருவிக்கொள்ளப் பார்த்தாள்.

“சொல்லேன்.” குரல் அவ்வளவு அன்பாக இருந்தது. “நம்ம வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?”

ஆறு வயது மகள் பாட்டி வீட்டில் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தப் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். வண்டி தெருமுனையில் சிவப்பு விளக்குக்காக நின்றது. மழைத் தண்ணீர் வழியும் கண்ணாடி வழியாக அந்தக் கட்டிடம் முழுதாகத் தெரிந்தது.

நான்காவது மாடி ஜன்னலில் அவர் நின்றிருந்தார்.

இரண்டு உள்ளங்கைகளும் கண்ணாடியில் அப்பியிருந்தன. வாய் அகலத் திறந்திருந்தது. அவர் மூச்சில் கண்ணாடி வெண்மையாகப் பூத்தது, அவசர அவசரமாகத் துடைத்தார், மறுபடியும் பூத்தது. அவரைச் சுற்றி, அவர் தோளுக்குப் பின்னால், இருட்டிலிருந்து ஒவ்வொன்றாக வேறு முகங்கள் ஜன்னலுக்கு வந்தன. ஆண்கள், பெண்கள், கழுத்தில் கேமரா தொங்கும் ஒருவர், பயணப் பையை இன்னும் தோளில் மாட்டியிருக்கும் ஒரு பெண். எல்லோரும் கீழே தெருவைப் பார்த்தார்கள்.

விளக்கு பச்சைக்கு மாறியது.