கண் திறந்த வீடு

தூரிகை கழுவும் டம்ளரில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஹேமாவதி டம்ளரைத் திருப்பி வைத்தாள். தண்ணீர் மெல்ல மறுபக்கம் சாய்ந்தது. பகல் மூன்றரை மணி. இன்னும் அரை மணியில் மகள் ஐஸ்வர்யா பள்ளிக்கூடம் விட்டுப் பசியோடு வந்து நிற்பாள். இவளானால் சோறு வடிக்காமல் டம்ளரை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறாள்.

தாயும் மகளுமாகப் பழவேற்காட்டுக் கரையில் இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடம். அதற்கு முன்னால் ஹேமாவதி வரைந்ததெல்லாம் காலண்டர் பூக்கள். அலைச் சத்தம் காதில் விழ விழத்தான் கைக்கு உயிர் வந்தது. நண்டு ஓடிய மணலும் நுரையின் அழுக்கு மஞ்சளும் படத்துக்குள் வந்தன, கருவாட்டு வாடைகூட அடிக்கிறது என்பார்கள். வரையும் ஆசை லேசில் அடங்குமா? இன்று காலை சுவரிலேயே கை வைத்துவிட்டாள். கடலைப் பார்த்த வெளிச்சுவரில், வாசலுக்கு இருபுறமும், படகின் முகப்பில் எழுதுவது போலப் பெரிய கண்கள் இரண்டு.

மத்தியானம் மீன் கொடுக்க வந்த குப்பம்மாள் கூடையை இறக்கவே இல்லை.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்கே? கண்ணு தொறக்கறது போட்டுக்குத்தான். அதுவும் தண்ணில எறக்குற அன்னிக்கு."

"சும்மா அழகுக்குத்தான்க்கா."

"கண்ணத் தொறந்தா கரையில நிக்காது. இப்பவே அழிச்சிடு."

ஹேமாவதி சிரித்து அனுப்பிவிட்டாள். அழிக்க மனசு வரவில்லை. ஆறு வருடத்தில் அவள் கையிலிருந்து வந்த ஆகச் சிறந்த வேலை அது.

இப்போது கரண்ட் இல்லாத மின்விசிறி இடமும் வலமுமாக ஆடியது. அடுப்பங்கரையில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசின. தரைக்கு அடியில், மணல் இருக்க வேண்டிய இடத்தில், தொட்டிக்குள் கையை விட்டு அளைவது போலத் தண்ணீர்ச் சத்தம், நிதானமாக, எந்த அவசரமும் இல்லாமல். சேற்று வாடை மூக்கில் ஏறியது. கதவை இழுத்தாள். வரவில்லை. மரம் ஊறிப் பருத்திருந்தது. பின்கதவு. அதுவும். ஜன்னலில் இரும்புக் கம்பி.

பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தாள். குப்பத்து வீடுகள் தள்ளிப் போயிருந்தன. நடுவில் தண்ணீர். வீடு இருந்த இடத்தில், பள்ளிச் சீருடையில், ஐஸ்வர்யா.

அப்பாடா, அவளாவது கரையில் இருக்கிறாளே.

ஐஸ்வர்யா செருப்பைக் கழற்றினாள். புத்தகப் பையைத் தலைமேல் தூக்கிக்கொண்டாள். தண்ணீரில் இறங்கினாள்.

"வராதடி. அங்கியே நில்லுடி." கம்பியைப் பிடித்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

முழங்கால். இடுப்பு. மகள் முகத்தில் பயமே இல்லை. வீட்டுக்கு வருகிற பிள்ளை எப்படி வருமோ அப்படித்தான் வந்தாள்.

வீடு இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

மார்பு. கழுத்து.

பிறகு தண்ணீருக்கு மேலே பை மட்டும் தெரிந்தது. நனையாமல். வீட்டைப் பார்த்தே வந்துகொண்டிருந்தது.