முரசுக்குள் மடித்த தோல்

குளித்துவிட்டு இடது தோளைத் துடைத்தபோதுதான் மங்களத்துக்கு உறைத்தது: அம்மை குத்திய வடுவைக் காணோம். நகத்தால் தடவினாள், ஈரக் கண்ணாடியைத் துடைத்துத் தோளைத் திருப்பிப் பார்த்தாள். காசளவு குழிந்து, நினைவு தெரிந்த நாளாய்க் கூடவே இருந்த வடு. இப்போது வழவழவென்று, யாருடைய தோளோ மாதிரி இருந்தது.

கூடத்தில் அவள் புருஷன் எத்திராஜ் முரசோடு உட்கார்ந்திருந்தான். மண்ணூர்பேட்டையில் லேத் ஓட்டுகிறவன்; லீவு நாளானால் கோயில்களில் ஒதுக்கிப்போட்ட மேளங்களைத் தூக்கிவந்து சீர் பண்ணுவான். மாங்காட்டுப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் கரண்ட்டு மேளம் வந்தபிறகு, இந்த முரசு கொட்டகையில் எலிகளுக்கு வீடாகிக் கிடந்தது. நூம்பலில் இருக்கும் வீட்டுக்கு ஆட்டோவில் கொண்டுவந்து, அழுகிய தோலை அறுத்தபோது, முரசின் வயிற்றுக்குள் இன்னொரு தோல் இருந்தது. புடவை மாதிரி மடித்து. பூச்சி அரிக்காமல், மெத்தென்று.

"ஆட்டுத்தோலா, மாட்டுத்தோலா?" என்று அன்றைக்கே கேட்டாள்.

"தெர்ல. முடியே இல்ல பாரு. சும்மா கெடைச்சிது, உடுவனா?"

அந்தத் தோலைத்தான் ஊறவைத்து இழுத்துக் கட்டியிருந்தான்.

மத்தியானம் மழை கறுத்துக்கொண்டு வந்தது. ஈரத்தோலும் விளக்கெண்ணெயும் கலந்த வாடை அடுப்படி வரைக்கும் வந்து குழம்பு வாசனையை அமுக்கியது. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளின் முதுகில் ஒரு உள்ளங்கை படிந்தது. திரும்பினாள். யாருமில்லை. ஆனாலும் கை நகர்ந்தது, சூடாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, அவசரமே இல்லாமல், தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை. கூடத்தில் தோலைத் தேய்க்கும் சத்தம் நின்றது. முதுகில் கையும் நின்றது.

அவன் அவளை இப்படித் தொட்டு எத்தனையோ வருஷம். கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கை திரும்ப வருமா என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள். அதற்காகத் தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

கூடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். முரசுத் தோலின் ஓரத்தில், காசளவு, குழிந்த வடு.

"இன்னா பாக்குற?"

"இது என் தோள்ல இருந்ததுயா."

அவன் நிமிரவே இல்லை. "நான் எதைக் கையால தொட்டாலும் உனுக்குப் பொறாமை."

தோல்வாரைப் பிடித்து இழுத்தான். அவள் விலா நெரிந்தது.

"கொஞ்சம் லூசு பண்ணுயா. மூச்சு அடைக்குது."

"அடைச்சா கதவத் தொற."

இன்னொரு இழுப்பு. உதடுகள் பல்லை விட்டு விலகின. மூட முடியவில்லை. இமைகளும் சேரவில்லை. அவன் முரசைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினான். அவள் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது.

கத்தியைச் சாணை பிடிக்க அவன் தெருமுனைக்குப் போனான். மங்களம் முரசிடம் ஓடினாள். ஒரே ஒரு முடிச்சை அவிழ்த்தாள்.

இடது கன்னம் இறங்கியது.

தாடைக்குக் கீழே. கழுத்துக்கு. தொட்டாள். கன்னம் இருந்த இடத்தில் விரலுக்கு ஈரம்தான் பட்டது. காற்று பட்டதும் எரிந்தது.

முடிச்சை அவளே திரும்பப் போட்டாள். பல்லால் கடித்து இழுத்து, பழையபடி இறுக்கினாள். கன்னம் ஏறி உட்கார்ந்தது. ஓடலாம். எங்கே ஓட? தோல் இங்கே கட்டியிருக்கிறது.

மழையோடு அவன் வந்தான். அவள் குறுக்கே நின்றாள். "ஆ... ஆ..." அவ்வளவுதான் வந்தது. உதடு சேரவில்லை. கையைப் பிடித்தாள். உதறினான். முகத்தைப் பார்க்கவில்லை.

"இதோ ஆச்சும்மா," என்றான். அவளிடம் இல்லை. முரசிடம். "வட்டத்துக்கு வெளிய மிச்சம் தொங்குது. அதை அறுத்துட்டா முடிஞ்சிது."

கத்தியை விளிம்பில் வைத்தான்.

அவள் காதுக்குப் பின்னால் சில்லென்றது.

பீரோக் கண்ணாடியில் பார்த்தாள். காதோரத்தில் ஒரு சிவப்புக் கோடு. மயிரிழை போல. தாடைக்குக் கீழே இறங்கியது. மோவாயைச் சுற்றி வந்தது. கோணாமல், நடுங்காமல், நிதானமாக, அடுத்த காதை நோக்கி ஏறியது.